அரைக்கம்பத்தில்

கயிறு பாதி வழியில் நின்றுவிட்டது.

ஐரி இரண்டு கைகளாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். மேலே போகவில்லை; கீழேயும் வரவில்லை. முந்தின நாள் முழுக்கப் பனியும் மழையுமாகப் பெய்து ராத்திரியில் குளிர் இறுகியிருந்தது. நனைந்த கயிற்றில் படிந்த பனிக்கட்டி உச்சியிலிருந்த கப்பிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போகும் வரை இழுத்தாள். பிறகு கயிற்றைக் கொக்கியில் சுற்றிக் கட்டிவிட்டு, பின்னால் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தாள். வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட கொடி, உச்சிக்கு நன்றாகக் கீழே, காற்றில்லாமல் தொங்கியது.

அப்படித் தொங்கினால் என்ன பொருள் என்று காரிலுவோத்தோ ஊரில் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். இந்தக் கரையில் சாவுச் செய்தியை யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்வதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டும் சொல்வதில்லை. முற்றத்துக் கம்பத்தில் கொடி உச்சிக்கு ஏறி, அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி நிற்கும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் தங்கள் கொடியையும் அதே அளவுக்கு இறக்குவார்கள். யார் போனது என்று கேட்க வேண்டியதே இல்லை. யார் படுக்கையில் கிடந்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஐரிக்கு அந்த நிமிடம் இது தோன்றியதா என்றால், தோன்றியது என்றும் சொல்ல முடியாது, தோன்றவில்லை என்றும் சொல்ல முடியாது. எண்ணம் ஒன்று வாசல்வரை வந்து, உள்ளே ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போனது. இலையுதிர் காலத்திலிருந்து அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது.

கொடி ஏற்றுவது அவள் கணவன் தௌனோவின் வேலை. நாற்பது வருடத்துக்கு மேல் கப்பல் பைலட்டாக இருந்தவன் அவன். தண்ணீருக்கடியில் பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கடலில் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறி நின்று வழி சொல்லித் துறைமுகம் வரை கூட்டிப்போனவன். கொடி, விளக்கு, மிதவை என்றால் அவனுக்கு விளையாட்டு கிடையாது. ஐரி ஒருமுறை மடித்துவைத்ததைக்கூட விரித்து மறுபடி மடித்தவன். அந்த வீட்டுக் கொடி தப்பாக நிற்கும் என்று ஊரில் யாரும் கனவிலும் நினைக்க மாட்டார்கள்.

செப்டம்பரில் படகுக் கொட்டகையில் வலையை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ஊரிலிருந்த மருத்துவ நிலையத்தின் படுக்கைப் பிரிவை வசந்த காலத்திலேயே மூடிவிட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வந்தது. இரண்டு தீவுகள், ஒரு பாலம், ஒரு படகுத்துறை தாண்டி வந்து சேர்வதற்குள் மூளையில் நடக்க வேண்டியது நடந்து முடிந்துவிட்டது. இப்போது நகரத்து மருத்துவமனையில் வலது பக்கம் செத்து, பேச்சில்லாமல், கண் மட்டும் திறந்து கிடந்தான். ஐரி ஒருநாள் விட்டு ஒருநாள் காரை ஓட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவாள். காற்று எந்தப் பக்கம் என்று சொல்வாள். பனி எவ்வளவு உறைந்திருக்கிறது என்று சொல்வாள். அவன் கூரையைப் பார்த்தபடி கிடப்பான். வாயோரம் வழிவதைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவாள்.

அழுதால் நல்லது என்று ஒரு நர்ஸ் சொன்னாள். மகள் மெர்வி வடக்கிலிருந்து தொலைபேசியில் அழுவாள். மழை நிற்கட்டும் என்று கடை வாசலில் ஒதுங்கி நிற்பதுபோல ஐரி அந்த அழுகை முடியும்வரை காத்திருப்பாள். போன மாதம் சவுனாவில், அந்த நீராவிக் குளியலறை அடுப்பின் கதவில், கை பட்டு வெந்திருந்தது. மறுநாள் காலை கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

இன்றைக்குக் கொடி ஏற்றியதும் அவளாக நினைத்துச் செய்ததல்ல. வருடத்தின் கடைசி நாள் இது. காரிலுவோத்தோ ஊராட்சிக்கும் கடைசி நாள். விடிந்தால் நகரத்தோடு சேர்த்துவிடுவார்கள். எல்லா வீட்டிலும் கொடி பறக்கட்டும், மதியம் ஊராட்சி மன்றத்தில் காப்பி என்று தலைவி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ரயிலி நேற்றே தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டுக் கம்பம் மட்டும் மொட்டையா நின்னா நல்லாவாடி இருக்கும்? தௌனோ ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தாலும் மனசு அந்தக் கம்பத்துலதான் இருக்கும், சொல்லிட்டேன். நாளைக்கு நீ வர்ற. வராம இருந்தே, நான் காப்பிக் கெட்டிலோட அங்க வந்துடுவேன்."

அதனால் ஏற்றினாள். அது நின்றுவிட்டது. கம்பத்தைச் சாய்த்தால் எடுத்துவிடலாம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ரயிலியின் கணவனைக் கூப்பிட்டால் வருவான். கூப்பிடவில்லை. உள்ளே போய், நேற்று சுட்ட ரை மாவு ரொட்டியை வெட்டி, உப்பு மீன் துண்டுகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினாள்.

ஜன்னல் வழியாக விரிகுடா முழுவதும் தெரியும். மீனை அடுக்கிக்கொண்டே பார்த்தாள். ரயிலி வீட்டுக் கொடி உச்சியில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தபோது அது கீழிறங்கி நின்றது. பிறகு பள்ளிக்கூடத்துக் கொடி இறங்கியது. கல்லுடைப்பான் வீட்டில், கடைக்கு மேல், தேவாலயத்துப் பக்கத்தில். யாரோ ஒரே கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல வரிசையாக இறங்கின. கடைசியில் ஜலசந்திக்கு அப்பால், ஸ்வீடிஷ் பேசுகிறவர்களின் தீவிலும் ஒரு கொடி தாழ்ந்தது.

ஊராட்சிக்காக என்று ஐரி நினைத்துக்கொண்டாள். ஊராட்சி சாகிறது, அதற்காக இறக்குகிறார்கள். அப்படியென்றால் தன் வீட்டுக் கொடியும் சரியாகத்தான் நிற்கிறது. அந்த எண்ணம் மிகவும் வசதியாக இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு மீதி மீனை அடுக்கி முடித்தாள்.

மன்றத்து வாசலில் பனியைத் தட்டிக் காலணியைக் கழற்றும்போதே பேச்சுச் சத்தம் நின்றுபோனது. கடைக்காரர் முதலில் வந்தார். தட்டை வாங்கிப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து, தலை குனிந்து நின்றார். அடுத்து ஆசிரியை வந்தாள். அவளும் கையைப் பிடித்தாள். இரண்டாவது கை தன் கையை விடுவதற்குள் ஐரிக்குப் புரிந்துவிட்டது. ஊராட்சிக்காக யாரும் யார் கையையும் இப்படிப் பிடிப்பதில்லை.

இல்லை, அவர் இருக்கிறார், கயிறு உறைந்துவிட்டது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வாய்க்குள் அது தயாராகவும் இருந்தது. ஆனால் மூன்றாவது ஆள் வந்து நின்றார். பிறகு நான்காவது. ஒவ்வொருவரும் கை கொடுக்கும்போதும் சொல்ல வேண்டியது இன்னும் பெரிதாகி, இன்னும் வெட்கக்கேடாகிக்கொண்டே போனது. ஐரி தலையை ஆட்டினாள். தலையாட்டுவது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. இதைப் பலமுறை பழகியிருந்தது போல உடம்பு தானாகச் செய்தது. பழகியும்தான் இருந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில், பாலத்தின் மேல், கறுப்பு உடை எந்தப் பெட்டியில் இருக்கிறது, மெர்வியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று காரோடு சேர்த்து மனமும் ஓடியிருக்கிறது. அப்போதும் ஒன்றும் வலித்ததில்லை.

ரயிலி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். இந்த ஊரில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. அவள் அழுது முகமெல்லாம் மை வழிந்திருந்தது.

"தனியா இருந்து எப்படிடி கயிறை இழுத்தே? என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிடத் தோணல" என்றாள் ஐரி. அது உண்மை.

முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். காப்பி வந்தது. ஏலக்காய் ரொட்டியின் பெரிய துண்டாகப் பார்த்து யாரோ அவள் தட்டில் வைத்தார்கள். தலைவி மேடையேறினாள். ஐம்பது வயதைத் தொடாத பெண், கன்னங்கள் சிவந்திருந்தன. எழுதிவைத்திருந்த பேச்சு இன்று காலைக்குப் பிறகு பொருந்தவில்லை என்பது அவள் தாள்களைத் திருப்பிய விதத்தில் தெரிந்தது. ஆனாலும் படித்தாள்.

சுற்றிலும் ஸ்வீடிஷ் பேசும் தீவுகளுக்கு நடுவில் பின்னிஷ் பேசும் சில மீனவக் குடும்பங்கள் எப்படி வந்து ஒண்டின என்று படித்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் புரியாமல் அவர்கள் மரப்பலகையில் உட்கார்ந்து தூங்கியதையும், தூங்குகிறவர்களைக் குச்சியால் தட்டி எழுப்ப ஓர் ஆள் இருந்ததையும் சொன்னாள். தங்கள் மொழியில் ஒரு தேவாலயம் வேண்டும் என்று கேட்டுக்கேட்டுச் செத்துப்போன தலைமுறை, வாங்கிய தலைமுறை, தேவாலயத்தைச் சுற்றி ஊராட்சி வந்தது, பைலட் நிலையம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. பிறகு போக ஆரம்பித்தது. நிலம் வருடா வருடம் மெல்ல உயர, கடலே தள்ளிப் போய்க்கொண்டிருக்கிற ஊர் இது. தண்ணீரில் கட்டிய படகுக் கொட்டகைகள் புல்லில் நிற்கின்றன. நாம் எங்கேயும் போகவில்லை, கடல்தான் நம்மை விட்டுப் போகிறது என்று அவள் சொன்னபோது பின்னாலிருந்து ஒரு கிழவர், கடலுக்கும் நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றார். சிலர் சிரித்தார்கள். முன் வரிசை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் தலைவி தாளை மடித்தாள்.

"இந்த ஊராட்சிய மூடக்கூடாதுன்னு மன்றத்துல கடைசி வரைக்கும் எழுந்து நின்னு பேசினது ஒருத்தர்தான். எனக்கு எதிராத்தான் பேசினார். அவர் ஊராட்சியோட கடைசி நாள்லயே போயிட்டார். அவருக்காக எழுந்து நிக்கலாம்."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்தார்கள். ஐரியும் எழுந்தாள்.

உயிரோடு இருக்கும் கணவனுக்காக அந்த மௌனத்தில் நின்றாள். அவளுக்கு எதிரே சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் இருந்தன. இப்போது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். பயமோ, அவமானமோ, குறைந்தபட்சம் சிரிப்போ. தன்னையே வெளியிலிருந்து தட்டிப் பார்த்ததுபோல இருந்தது; யாரும் திறக்கவில்லை. இப்படியே விட்டுவிடலாம் என்றும் ஓர் எண்ணம் வந்தது. அவன் இன்றைக்கு இல்லாவிட்டால் வசந்தத்தில் போகத்தான் போகிறான். துக்கத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

மௌனம் கலைந்ததும் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியோரத்தில் ஒய்வா நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது. வழுக்கைத் தலையில் பனித்துகள் விழுந்து உருகிக்கொண்டிருந்தது. அவன் உள்ளேயே வரவில்லை போலும்.

ஒய்வாவும் தௌனோவும் ஒரே படகில் வளர்ந்தவர்கள். ஒருவன் பைலட் ஆனான், ஒருவன் மீனவன். சனிக்கிழமை சவுனா முறை வைத்து ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. இருவரும் மன்ற உறுப்பினர்கள்; நகரத்தோடு இணைவதா என்று மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்த இரவில் ஒய்வா இணைப்புக்கு ஆதரவாகக் கை தூக்கினான். ஒரு வாக்கில்தான் நிறைவேறியது. அன்றிலிருந்து தௌனோ அவனோடு பேசவில்லை. கடையில் எதிரே வந்தால் மாவு மூட்டைகளைப் பார்ப்பான். தௌனோ விழுந்த பிறகும் ஒய்வா மருத்துவமனைக்கு வரவில்லை. ஐரி அதற்காக அவன்மேல் வருத்தப்படவும் இல்லை. வருத்தப்பட அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"உள்ள வந்து எல்லார் மாதிரியும் உன் கையப் பிடிக்க எனக்கு யோக்கியதை இல்ல ஐரி" என்றான்.

அவள் கடைசிப் படியும் இறங்கி அவன் எதிரே வந்தாள்.

"படுக்கைப் பிரிவ மூட மாட்டோம்னு சொன்னாங்க. நகரத்து ஆளுங்க வந்து காப்பி குடிச்சிட்டு, சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாங்க. நம்பித்தான் கையத் தூக்கினேன். மறு வசந்தத்துலயே, இணைப்புக்குக்கூடக் காத்திருக்காம மூடிட்டாங்க. ஆம்புலன்ஸ் அங்கேர்ந்து வந்துச்சு." தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்தான். "இந்தக் கை ஐரி. இது மட்டும் அன்னைக்குக் கீழ இருந்திருந்தா அவன் இன்னைக்கு இருந்திருப்பான். மூணு தடவை மருத்துவமனை வாசல் வரைக்கும் போனேன். அவன் மூஞ்சத் திருப்பிக்கிட்டா என்ன பண்றதுன்னு திரும்பி வந்துட்டேன். திருப்ப முடியாதவன் எப்படிடா திருப்புவான்னு எனக்குத் தோணவேயில்ல பாரு. இனி எங்க போய்ச் சொல்ல?"

அவன் அழுதான். சத்தமில்லாமல், முகத்தை மறைக்காமல், மூக்கில் வழிய வழிய அழுதான். ஐரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் குடுவைக்குள் விட்டுத் துழாவுவதுபோல இரக்கத்தைத் தேடினாள். அகப்படவில்லை. ஆனால் வேறொன்று தெரிந்தது. கணக்குப்போலத் தெளிவாகத் தெரிந்தது. இந்த மனிதன் இன்றைக்கு வீட்டுக்குப் போய், நாளைக்கு எழுந்து, மறுநாளும் எழுந்து, செய்யாத கொலையைச் சுமந்துகொண்டு நடப்பான். அதை நிறுத்த அவளுக்கு மனம் இளக வேண்டிய அவசியமில்லை. வாயைத் திறந்தால் போதும்.

"அவர் சாகல" என்றாள்.

ஒய்வா நிமிர்ந்தான்.

"கயிறு உறைஞ்சு போச்சு. கொடி பாதியில நின்னுடுச்சு. எடுக்க முடியல."

"உறைஞ்சு போச்சா?"

"கப்பியில."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். மன்றத்துக்குள் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது.

"உள்ள எல்லாரும் எழுந்து நின்னாங்களே. நீயும் நின்னியா?"

"நின்னேன்."

"ஏன்?"

"தெரியல ஒய்வா. சொல்லணும்னு இருந்துச்சு. ஒருத்தர் பின்னால ஒருத்தரா வந்துட்டே இருந்தாங்க."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தொப்பியை உதறித் தலையில் வைத்தான். மூக்கைக் கோட்டின் கையில் துடைத்தான். "பைலட் வீட்டுக் கொடி" என்று மட்டும் சொன்னான். அதில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"நான் போய்ச் சொல்லிடுறேன். நீ கார்ல உட்காரு."

"நான்தான் சொல்லணும்."

"நீ சொன்னா மறுபடியும் எல்லாரும் வரிசையில வந்து கை குடுப்பாங்க. எனக்கு ஏற்கெனவே ஊர்ல நல்ல பேர் கிடையாது. எங்கிட்ட இருந்து கேட்டா ஒண்ணும் புதுசாத் தோணாது." படியேறியவன் திரும்பினான். "நாளையிலேர்ந்து இந்த ஊராட்சியே கிடையாது. யார்கிட்ட போய் வெட்கப்படப் போற?"

ஐரி காரில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே ஒய்வா நடுவில் நிற்பதும், தலைகள் திரும்புவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. தலைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ சிரித்திருக்க வேண்டும்; ஒரு மூலையில் தோள்கள் குலுங்கின. பிறகு கதவு திறந்து ரயிலி கோட்டுகூட இல்லாமல் ஓடி வந்தாள். கார்க் கண்ணாடியைத் தட்டினாள். ஐரி இறக்கினாள்.

"காலையிலேர்ந்து அழுதிருக்கேன்டி. என் கல்யாணத்துலகூட இவ்வளவு அழல. என் வீட்டுக்காரர் அழுதார், தெரியுமா? அந்த ஆளு நாய் செத்தப்பதான் அழுதார்."

"மன்னிச்சுக்கோ."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம். இன்னைக்கு இல்ல. இன்னைக்கு எனக்கு உன்மேல ரொம்பக் கோபம்." சொல்லிவிட்டு, உள்ளே கையை நீட்டி ஐரியின் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். "திறந்து போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா பாரு" என்று முணுமுணுத்தபடியே திரும்பிப் போனாள். வழியில் வந்த ஒய்வாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒய்வா கார்க் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். எங்கே போவது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பாலத்தின் மேல் போகும்போது வானம் சாம்பலிலிருந்து நீலமாகி இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே ஜலசந்தியில் கப்பல் போன தடம் மட்டும் உறையாமல் கறுப்பாகக் கிடந்தது.

"கேக்குதா அவனுக்கு?" என்றான் ஒய்வா ஒருமுறை.

"கேக்குதுன்னு டாக்டர் சொல்றாங்க. எனக்குத் தெரியல."

"உன்னைப் பார்த்தா ஏதாவது பண்ணுவானா?"

"இல்ல."

மருத்துவமனை நடைபாதையில் வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. கதவருகே ஒய்வா நின்றுவிட்டான். நீ முதலில் போ என்று ஐரி கையைக் காட்டினாள். அவன் உள்ளே போனான். அவள் வெளியே சுவரோடு போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். தாழ்ந்த குரலில் ஒய்வா ஏதோ சொன்னான். கை என்ற வார்த்தையும் வாக்கு என்ற வார்த்தையும் கேட்டன. திக்கித் திக்கிச் சொன்னான். அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"டேய் தௌனோ. ஊரே எழுந்து நின்னுச்சுடா உனக்கு, ரெண்டு நிமிஷம். வெளிய நின்னு ஜன்னல் வழியாப் பார்த்தேன். தலைவி கண்ணு கலங்குறா. அந்தக் கஞ்சப்பய கடைக்காரன் ரெண்டாவது காப்பி வேண்டாம்னுட்டான். அவ்வளவு துக்கம். உயிரோட இருக்கும்போது இதுல பாதி மரியாத எவனாவது குடுத்தானாடா உனக்கு? ஸ்வீடிஷ்காரன்கூடக் கொடிய இறக்கிட்டான். இப்ப எப்படித் திருப்பி ஏத்துறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருக்கான்."

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

சிரிப்பு என்று சொல்ல முடியாது. மூச்சு எங்கேயோ இடறி, பாதி வாய் வழியாக வெளியே வந்தது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. ஆனால் அது தௌனோவின் சத்தம். படகிலிருந்து வரும்போது தூரத்திலேயே கேட்குமே, அந்தச் சத்தத்தின் மிச்சம்.

ஐரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நெஞ்சுக்குள் ஏதோ சூடாக ஏறியது. மகிழ்ச்சியாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். இருக்க வேண்டியது அதுதானே. அது மகிழ்ச்சி இல்லை. இலையுதிர் காலம் முழுக்க அவள் காற்றையும் பனியையும் சொல்லிக்கொண்டு அந்தக் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எச்சிலைத் துடைத்திருக்கிறாள். நகம் வெட்டியிருக்கிறாள். ஒரு முனகல்கூடக் கிடைக்கவில்லை. வாக்களித்துவிட்டு ஓடி ஒளிந்தவன் வந்து கால்மணி நேரம் ஆவதற்குள் தௌனோ சிரிக்கிறானாம். அப்படியென்றால் அவனுக்குள் அது இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அவளுக்கென்று எடுத்துத் தரத்தான் இல்லை. காதுகள் சுட்டன. கைகள் தாமாக மூடிக்கொண்டன. வெந்த இடத்தின் புதுத்தோல் இழுபட்டு வலித்தது. அந்த வலியை அவள் தெளிவாக உணர்ந்தாள்.

எழுந்து கதவைத் தள்ளினாள். அது சுவரில் மோதியது. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த ஒய்வா திடுக்கிட்டு நகர்ந்தான். கட்டிலின் மறுபக்கத்து நாற்காலியை அவள் தரையில் தேய்த்து இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தௌனோவின் கண்கள் கூரையை விட்டு மெதுவாகத் திரும்பின.

"ஒருநாள் விட்டு ஒருநாள் வர்றேன்" என்றாள் ஐரி. குரல் உயர்ந்துகொண்டே போனது. நடைபாதையில் ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பாலம் வழுக்குதுன்னு எல்லாரும் சொல்லியும் வர்றேன். எனக்கு ஒரு தடவை சிரிச்சியா? ஒரு தடவை?"

தௌனோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒய்வா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான்.

"நீ உட்காரு" என்றாள் அவனிடம், கண்ணைத் தௌனோவை விட்டு எடுக்காமலே. "நான் இன்னும் முடிக்கல."